சாவி யார் சட்டைப்பையில்?



சம்பளம், வீடு, பள்ளிக்கூடம், கோயில் இவற்றைப் பற்றித்தான் இந்தப் பகுதியில் அதிகம் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் சம்பளத்தை எண்ணி வாங்க ஒரு கை வேண்டும். பிள்ளையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்து வாசல்வரை போக ஒரு கை வேண்டும். சாமி கும்பிட இரண்டு கையும் வேண்டும். இந்த வாரம் அந்தக் கையைப் பற்றிப் பேசுவோம்.

நான் வளர்ந்த தோட்டத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலை இருந்தது. பெயர் வேண்டாம். எங்கள் லயத்தில் மூன்றாவது வீட்டுக்காரர் அந்த ஆலையில் வேலை செய்தார். இரத்த உறவு இல்லாவிட்டாலும் லயத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் மாமா. தைப்பூசம் நெருங்கிவிட்டால் மாமா வீட்டு வாசலில் உறுமிச் சத்தம் கேட்கும். எண்ணெய் வாடையோடு வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு, வளைந்த குச்சியை எடுத்து அவர் உறுமியைத் தேய்த்தால் தொட்டிலில் தூங்கும் பிள்ளைகூட விழித்துக்கொள்ளும்.

ஒரு நாள் இரவு ஷிப்ட். சக்கை போகும் கன்வேயர் அடைத்துக்கொண்டது. நீளமான தொட்டிக்குள் திருகுபோலச் சுற்றிச் சுற்றிச் சக்கையைத் தள்ளிக்கொண்டு போகிற யந்திரம் அது. சுவிட்சை நிறுத்தினார்கள். ஒரு அட்டைத் துண்டில் ‘ஆள் வேலை செய்கிறார்’ என்று எழுதி, சணல் கயிற்றில் கட்டிச் சுவிட்சில் தொங்கவிட்டார்கள். மாமா மூடியைத் திறந்து, கையை உள்ளே விட்டுச் சக்கையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

பாய்லர் பக்கம் போயிருந்த இன்னொருவர் அப்போது திரும்பி வந்தார். கன்வேயர் நிற்கிறது, சக்கை மலைபோல் குவிகிறது. கட்டிய அட்டை அவிழ்ந்து, எண்ணெய்த் தரையில் குப்புற விழுந்து கிடந்தது. அவர் கண்ணில் பட்டது பச்சைப் பட்டன் மட்டும்தான். அமுக்கினார்.

மாமாவுக்கு வலக்கை முழங்கைக்குக் கீழே போயிற்று.

‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று ஆபீசில் எழுதி முடித்தார்கள். ‘எல்லாம் தலையெழுத்து’ என்று லயத்தில் நாங்கள் பேசி முடித்தோம். உறுமி சுவரில் ஆணியில் தொங்கியது. பட்டனை அமுக்கியவர் யார் தெரியுமா? மாமாவோடு சேர்ந்து மேளம் அடித்தவர். கெட்டவர் இல்லை. அன்று குடித்திருக்கவும் இல்லை. மாமா முகத்தில் விழிக்க மாட்டாமல், கொஞ்ச நாளில் குடும்பத்தோடு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். ஒருவர் கையை இழந்தார். இன்னொருவர் தூக்கத்தை இழந்தார்.

கவனக்குறைவா, பூட்டுக் குறைவா?

இத்தனை வருஷம் கழித்து நான் கேட்கிறேன்: அன்று இரவு இல்லாமல் போனது கவனமா? இல்லை. ஒரு பூட்டு. வெறும் மாங்காப் பூட்டு. மெயின் சுவிட்சை நிறுத்திய நிலையில் பூட்டி, சாவியை மாமா தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தால், அந்தப் பச்சைப் பட்டனை நூறு பேர் அமுக்கியிருந்தாலும் கன்வேயர் அசைந்திருக்காது.

கவனம் மனிதனுக்கு வேண்டியதுதான். ஆனால் கவனம் என்பது பசித்தால் குறையும், தூக்கம் வந்தால் குறையும், வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் குறையும். விடியற்காலை மூன்று மணிக்கு எந்த மனிதனுக்கும் முழுக் கவனம் இருக்காது. பூட்டுக்குப் பசி இல்லை, தூக்கம் இல்லை. யார் கண்ணயர்ந்தாலும் பூட்டு விழித்திருக்கும்.

பழைய ஆட்களுக்கு மாட்டுவண்டிக் காலம் நினைவிருக்கும். மாட்டுக்கு லாடம் அடிக்கிறவன் என்ன செய்வான்? எவ்வளவு சாதுவான மாடாக இருந்தாலும், கயிறு போட்டுச் சாய்த்து, நான்கு காலையும் சேர்த்துக் கட்டிய பிறகுதான் குளம்பில் கை வைப்பான். ‘நல்ல மாடு, உதைக்காது’ என்று நம்பி உட்கார மாட்டான். மாட்டுக்காவது நம்மைத் தெரியும். யந்திரத்துக்கு யாரைத் தெரியும்? மாட்டைக் கட்டாமல் லாடம் அடிக்காத நாம், யந்திரத்தைக் கட்டாமல் கையை விடுகிறோம்.

வருஷத்துக்கு ஒரு முறை ஆயுத பூஜை வருகிறது. அன்று யந்திரத்தை நிறுத்தி, கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்குகிறோம். யந்திரத்தை நிறுத்திவிட்டுத்தான் அதற்குப் பொட்டு வைக்கிறோம். ஓடுகிற சக்கரத்தில் யாரும் பொட்டு வைப்பதில்லை. அந்த ஒரு நாள் புத்தி மீதி 364 நாளும் இருந்தால் போதும்.

அட்டை வேறு, பூட்டு வேறு

இந்த முறைக்கு ஆலைகளில் ‘லாக்-அவுட், டேக்-அவுட்’ என்று பெயர் சொல்கிறார்கள். ‘லோட்டோ’ என்றும் சுருக்கிச் சொல்வார்கள். லாட்டரிச் சீட்டு இல்லை, ஐயா! பூட்டுப் போடுவது ஒன்று, அட்டை மாட்டுவது ஒன்று. யந்திரத்துக்கு வருகிற சக்தியை வாசலிலேயே பூட்டிவிடுவது பூட்டு. ‘இதைப் பூட்டியது இன்னார், இந்த நேரம், இந்த வேலைக்காக’ என்று சொல்வது அட்டை.

அட்டை வாயால் சொல்கிறது. பூட்டு கையைப் பிடித்துத் தடுக்கிறது. அட்டை அவிழும், கிழியும், எண்ணெய் பட்டு எழுத்து அழியும். இன்னொன்றையும் நினைக்க வேண்டும். இன்று நமது எண்ணெய் ஆலைகளில் தமிழர் மட்டுமா வேலை செய்கிறார்கள்? இந்தோனேசியாவிலிருந்து, வங்காளதேசத்திலிருந்து, நேப்பாளத்திலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். ‘பஹாயா’ என்று சிவப்பில் எழுதித் தொங்கவிட்டால் நேற்று வந்தவனுக்கு அது புரியுமா? பூட்டுக்கு மொழி வேண்டியதில்லை. அதைப் படிக்கத் தெரிய வேண்டாம். திறக்க முடியவில்லை என்று தெரிந்தால் போதும். ஆகவே அட்டையும் வேண்டும். ஆனால் அட்டை மட்டும் போதாது.

முறை என்ன?

சிலர் நினைப்பதுபோல இது எஞ்சினியர் மட்டும் தெரிந்துகொள்ள வேண்டிய வித்தை இல்லை. நம் தொழிலாளிகள் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, சொல்லு. ‘இந்த யந்திரத்தை நிறுத்தப் போகிறேன்’ என்று அதோடு சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, நிறுத்து. வழக்கமாக நிறுத்துகிற முறையில் நிறுத்த வேண்டும்.

மூன்றாவது, துண்டி. இங்கேதான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். சிவப்புப் பட்டனும் பச்சைப் பட்டனும் யந்திரத்துக்குக் கட்டளை சொல்கிற பட்டன்கள். சிவப்பை அமுக்கினாலும் மின்சாரம் மோட்டாருக்குப் போகிற வழியில் காத்துக்கொண்டுதான் இருக்கும். அவசரத்துக்கு அடிக்கிற பெரிய சிவப்புக் குமிழும் அப்படித்தான். அதைத் திருப்பி விடுவித்து எவனும் மறுபடி ஓட்டலாம். மெயின் சுவிட்சையே இறக்க வேண்டும். நீராவி வருகிற குழாய் என்றால் அதன் வால்வை மூட வேண்டும்.

நான்காவது, பூட்டு. வேலை செய்கிற ஒவ்வொருவரும் அவரவர் பூட்டைப் போட வேண்டும். மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு. ஒரு சுவிட்சில் பல பூட்டு மாட்டுவதற்கென்றே பல துளை உள்ள இரும்புக் கவ்வி இருக்கிறது. இரண்டு பேர் வெளியே வந்து தங்கள் பூட்டைக் கழற்றினாலும், உள்ளே இருக்கிற மூன்றாவது ஆளின் பூட்டு யந்திரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். சாவி அவரவர் சட்டைப்பையில். ஃபோர்மன் மேசையில் இல்லை, ஆபீசில் ஆணியில் இல்லை. ஒரு பூட்டுக்கு இரண்டு சாவி இருந்து, ஒன்று இன்னொருவர் கையில் இருந்தால் அது பூட்டே இல்லை.

ஐந்தாவது, மிச்சத்தை வெளியேற்று. இதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், பின்னால் சொல்கிறேன்.

ஆறாவது, சோதி. ஆள் யாரும் யந்திரத்தில் இல்லை என்று பார்த்துவிட்டுப் பச்சைப் பட்டனை அமுக்கிப் பாருங்கள். ஓடக்கூடாது. பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி ஐந்து சுவிட்ச் இருக்கும்; மூன்றாவதுக்குப் பதிலாக நான்காவதைப் பூட்டிவிட்டு உள்ளே போனவர்கள் உண்டு. இந்தச் சோதனைதான் அதைக் காட்டிக் கொடுக்கும். சோதித்த பிறகு மறக்காமல் நிறுத்தின நிலைக்கே கொண்டுவர வேண்டும். மின்சார வேலை என்றால் சார்ஜ்மன் கருவி வைத்துப் பார்த்து ‘கரண்ட் இல்லை’ என்று சொல்ல வேண்டும்.

வேலை முடிந்ததும் ஸ்பேனர், கம்பி எல்லாவற்றையும் எடுத்து, மூடியையும் காப்புத் தகட்டையும் திரும்ப மாட்டி, தலையை எண்ணி, எல்லோருக்கும் சொல்லிவிட்டு, அவரவர் பூட்டை அவரவரே கழற்ற வேண்டும். போட்டவர்தான் கழற்ற வேண்டும். அவர் மறந்துபோய் வீட்டுக்குப் போய்விட்டால்? அவர் ஆலைக்குள் இல்லை என்று உறுதிப்படுத்தி, அவரோடு பேசப் பார்த்து, பொறுப்பான அதிகாரி முன்னால்தான் வெட்ட வேண்டும். அவர் மறுபடி வேலை தொடங்குவதற்கு முன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஒளிந்திருக்கும் மிச்சம்

கரண்டைப் பூட்டிவிட்டால் யந்திரம் செத்துவிட்டது என்று நினைப்பது தவறு. எண்ணெய் ஆலையில் வேலை செய்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

குலை அவிக்கிற பெரிய இரும்புக் கலத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்டெரிலைசர் என்பார்கள். கூண்டு கூண்டாகக் குலையை உள்ளே தள்ளி, கதவை மூடி, சுமார் 3 பார் அழுத்தத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீராவியில் அவிக்கிறோம். உள்ளே சுமார் 140 டிகிரி சூடு. வால்வை மூடினாலும் உள்ளே இருக்கிற நீராவி எங்கே போகும்? அழுத்தம் முழுதாக இறங்கும்வரை கதவுக்குப் பின்னால் அது காத்திருக்கிறது. குழாயிலும் அப்படியே.

குலையிலிருந்து பழத்தை உதிர்க்கிற பெரிய உருளையில் குலை ஒரு பக்கமாகச் சிக்கியிருந்தால் பாரம் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். சிக்கியதை எடுத்தவுடன் கரண்டே இல்லாமல் உருளை புரளும். பிரஸ்ஸில் எண்ணெய் அழுத்தம் நிற்கும். சரிவுத் தொட்டியில் அடைத்து நிற்கிற பழம், கீழே ஒரு குச்சியால் குத்தினதும் ஒட்டுமொத்தமாகச் சரியும். மின்சாரப் பெட்டிக்குள்ளும் கரண்டைத் தேக்கி வைக்கிற பாகங்கள் உண்டு. மெயினை இறக்கின பிறகும் அவை அடிக்கும். ஆகவே நீராவியை வெளியேற்றி, பாரத்துக்கு முட்டுக் கொடுத்து, சுற்றுவது முழுதாக நிற்கும்வரை காத்திருந்து, தேங்கியதை இறக்கி, அதன் பிறகுதான் கை வைக்க வேண்டும்.

ஆலைக்கே போகாத ஆட்களும் கேளுங்கள். டிராக்டரில் ஏதாவது சிக்கினால் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள். குலை ஏற்றும் வண்டியின் தொட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு அதன் அடியில் போகிறவர்கள், இரும்பு முட்டுக் கொடுக்காமல் போகாதீர்கள். எண்ணெய்க் குழாய் ஒன்று பிய்த்துக்கொண்டால் தொட்டி மேலே நிற்காது. தோட்டத்தை விட்டு ஷா ஆலாம், பிறை, பாசிர் கூடாங் என்று தொழிற்சாலை வேலைக்குப் போன நம் பிள்ளைகளுக்கும் இதே பேச்சுத்தான். அங்கே யந்திரம் இன்னும் வேகம்.

மேல்நாட்டிலும் இதே கதை

இது படிக்காத தோட்டத்து ஜனங்களுக்கு மட்டும் நடக்கிற காரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2012 அக்டோபரில் அமெரிக்காவில், கலிபோர்னியாவில், டின்மீன் ஆலை ஒன்றில் நடந்ததைக் கேளுங்கள். மீனை நீராவியில் வேகவைக்கிற அடுப்பு, 35 அடி நீளம். நம் ஸ்டெரிலைசருக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். 62 வயதுத் தொழிலாளி ஒருவர் அதற்குள் போயிருந்தார். வெளியே இருந்தவர்கள், அவர் கழிப்பறைக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்கள். டன் கணக்கில் மீனை உள்ளே தள்ளி, கதவை மூடி, நீராவியைத் திறந்துவிட்டார்கள்.

அவர் பெயரில் ஒரு பூட்டு அந்தக் கதவில் தொங்கியிருந்தால் கதவை மூடியே இருக்க முடியாது. வழக்கு நடந்தது. 2015ல் அந்தக் கம்பெனி 60 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஆள் உள்ளே போகத் தேவையே இல்லாத புது அடுப்புகளை வாங்கி வைப்பதும் அதில் சேர்ந்தது. செத்த பிறகு கிடைத்த புத்தி அது.

இத்தனைக்கும் அமெரிக்காவில் இதற்கென்றே 1989ல் தனி விதி போட்டு, 1990 ஜனவரியிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அந்த விதியைச் சரியாகப் பின்பற்றினால் வருஷத்துக்கு 120 உயிர்ச்சேதமும் 50,000 காயங்களும் தடுக்கப்படும் என்று அங்குள்ள அரசாங்க இலாகாவே கணக்குப் போட்டிருக்கிறது. விதி இருந்தும் அந்த ஆலையில் பூட்டு இல்லை. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது, பூட்டு சுவிட்சில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இன்னொன்று. மாமாவுக்கு நடந்ததில் ஒருவருக்குத் தெரிந்த சேதி இன்னொருவருக்குத் தெரியவில்லை. ஆள் மாறுகிற நேரம்தான் ஆபத்தான நேரம். 1988 ஜூலை 6ம் தேதி, ஸ்காட்லாந்துக்கு அருகே வடகடலில் ‘பைப்பர் ஆல்ஃபா’ என்ற எண்ணெய் மேடையில் ஒரு பம்பிலிருந்து முக்கியமான வால்வைப் பகல் ஷிப்ட் ஆட்கள் கழற்றி வைத்திருந்தார்கள். அதைப் பற்றிய தாள் இருந்தது. சேதி இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. இரவில் மற்ற பம்பு நின்றுபோனதும் இந்தப் பம்பை ஓட்டினார்கள். எரிவாயு கசிந்து வெடித்தது. 167 பேர் மாண்டார்கள். தாள் மேசையில் இருந்து என்ன பயன்? ஆகவே ஷிப்ட் மாறும்போது, வருகிறவர் தம் பூட்டைப் போட்ட பிறகுதான் போகிறவர் தம் பூட்டைக் கழற்ற வேண்டும். ஒரு நிமிஷம்கூடப் பூட்டில்லாமல் யந்திரம் நிற்கக் கூடாது.

வழக்கமான பதில்கள்

நான் இதை ஆலையில் வேலை செய்கிற சிலரிடம் பேசிப் பார்த்தேன். அவர்கள் சொன்னதையும் எழுதிவிடுகிறேன்.

“அஞ்சு நிமிஷ வேலைக்குப் பூட்டைத் தேடிக்கிட்டு இருந்தா ஃபோர்மன் ஏசுவாரு” என்றார் ஒருவர். யந்திரம் கையை இழுக்க ஒரு விநாடி போதும். அஞ்சு நிமிஷ வேலையில் முன்னூறு விநாடி இருக்கிறது. பூட்டைத் தேட வேண்டியிருப்பதுதான் தவறு. அது சுவிட்ச் பக்கத்திலேயே, ஒவ்வொருவர் பெயரோடும் தொங்க வேண்டும்.

“இருவது வருஷமா இப்படித்தான் கையை விட்டு எடுக்கிறேன். ஒண்ணும் ஆகலையே!” என்றார் இன்னொரு பெரியவர். அண்ணே, மாமாவும் விபத்துக்கு முந்தின நாள்வரை அதையேதான் சொல்லியிருப்பார்.

“கூட்டாளி சுவிட்ச் பக்கத்துலேயே நிக்கிறான். அவன் பாத்துக்குவான்” என்றார் ஒரு தம்பி. கூட்டாளியை நான் சந்தேகப்படவில்லை. அவனுக்கும் தண்ணீர் தவிக்கும். அவனையும் மண்டோர் கூப்பிடுவார். நம் உயிரை அவன் தலையில் தூக்கி வைப்பது அவனுக்குச் செய்கிற அநியாயம். பூட்டு உன் கையை மட்டும் காப்பாற்றவில்லை. உன் கூட்டாளி வாழ்நாள் முழுக்கச் சுமக்கிற பாவத்திலிருந்து அவனையும் காப்பாற்றுகிறது. தோட்டத்தை விட்டுப் போன அந்த மேளக்காரரை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

நிர்வாகத்தின் பதில் ஒன்று உண்டு. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் போடாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும், விலை போகாது, ஆகவே யந்திரத்தை நிறுத்த நேரமில்லை என்பார்கள். குலை கெடும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு விபத்து நடந்தால் ஆலை எத்தனை மணி நேரம் நிற்கும்? அதிகாரிகள் வந்து தடை அறிவிப்பு ஒட்டினால் எத்தனை நாள் நிற்கும்? அப்போது கெடுகிற குலைக்கு யார் கணக்குச் சொல்வது? மணிக்கு 60 டன் குலையை நசுக்குகிற ஆலைக்கு, ஆளுக்கொரு பூட்டு வாங்கக் காசில்லை என்று யாராவது சொன்னால் நம்ப முடியுமா?

சட்டம் நம் பக்கம்

நம் நாட்டில் 1994ம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இருக்கிறது. பாதுகாப்பான யந்திரமும் பாதுகாப்பான வேலை முறையும் பயிற்சியும் கொடுப்பது முதலாளியின் கடமை என்று அது சொல்கிறது. பாதுகாப்புக்காகச் சட்டப்படி செய்ய வேண்டியதற்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஆகவே பூட்டுக்காகச் சம்பளத்தில் ஒரு காசும் போகக் கூடாது.

அந்தச் சட்டம் 2022ல் திருத்தப்பட்டு, திருத்தம் 2024 ஜூன் 1ம் தேதி அமலுக்கு வந்தது. பழைய 1967ம் ஆண்டுத் தொழிற்சாலை, யந்திரச் சட்டம் அன்றோடு ரத்தானது. புதுத் திருத்தத்தில் நாம் நெஞ்சில் எழுதி வைக்க வேண்டியது மூன்று. ஒன்று: உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த வேலையை விட்டு விலகி நிற்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. இரண்டு: கடமை தவறிய முதலாளிக்கு உச்ச அபராதம் 50,000 வெள்ளியாக இருந்தது 500,000 வெள்ளியாகிவிட்டது. மூன்று: ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பாதுகாப்பைக் கவனிக்க ஒருவரை நியமிக்க வேண்டும். நாற்பது பேரும் அதற்கு மேலும் உள்ள இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்பது முன்பிருந்தே உள்ள சட்டம். ஆபத்தைப் பற்றிப் புகார் செய்ததற்காக ஒருவரை வேலையை விட்டு நீக்கவும் கூடாது.

சட்டம் நமக்கும் ஒரு கடமை வைத்திருக்கிறது: தன் உயிரையும் பக்கத்து ஆள் உயிரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பூட்டுக் கொடுத்த பிறகும் ‘எனக்கு வேண்டாம்’ என்று தூக்கிப் போடுகிறவன், தன்னோடு இன்னொருவன் குடும்பத்தையும் கெடுக்கிறான்.

‘அடிபட்டால் சொக்சோ இருக்கிறது’ என்று நம்மில் சிலர் மெத்தனமாகப் பேசுகிறார்கள். சொக்சோ வேண்டியதுதான். 2019 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் வேலை விபத்துக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. ஆனால் சொக்சோ பணம் கொடுக்கும், கை கொடுக்காது. மாமாவின் உறுமியை எந்தப் பணமும் ஆணியிலிருந்து இறக்கவில்லை.

என்ன செய்ய வேண்டும்?

ஆலையில் வேலை செய்கிறவர்கள் அடுத்த தொழிற்சங்கக் கூட்டத்திலும் பாதுகாப்புக் குழுவிலும் நான்கு கேள்வி கேளுங்கள். நம் ஆலையில் எல்லா மெயின் சுவிட்சிலும் வால்விலும் பூட்டுப் போட வசதி இருக்கிறதா? பழுது பார்க்கிற ஒவ்வொருவருக்கும் பெயர் போட்ட சொந்தப் பூட்டு இருக்கிறதா? எந்தச் சுவிட்ச் எந்த யந்திரத்துக்கு என்று தெளிவாக எழுதியிருக்கிறதா? புதிதாக வந்த ஆளுக்கு, காண்ட்ராக்ட் ஆளுக்கு, அவன் மொழியில் சொல்லிக் கொடுத்தார்களா? கேள்வியை எழுத்தில் கொடுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். நிர்வாகம் அசையாவிட்டால், தொழில் பாதுகாப்பு, சுகாதார இலாகாவான ஜே.கே.கே.பி.யில் புகார் கொடுங்கள். கேட்பதற்குப் பயம் வேண்டாம். நாம் கேட்பது போனஸ் இல்லை, பூட்டு.

வெளிநாட்டுத் தம்பிமாரை ஒதுக்காதீர்கள். ஒரு காலத்தில் நம் தாத்தா பாட்டி மொழி தெரியாமல் கப்பலில் வந்து இறங்கினவர்கள்தான். அவன் போடுகிற பூட்டுத்தான் நாளை நம் பிள்ளையின் கையையும் காக்கும்.

தாய்மார்களே, சகோதரிகளே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். புருஷனோ மகனோ ஷிப்டுக்குக் கிளம்பும்போது சோத்துப் பாத்திரத்தைக் கையில் கொடுத்து, ‘தண்ணி எடுத்துக்கிட்டியா?’ என்று கேட்கிறீர்கள். அதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: ‘பூட்டுச் சாவி எடுத்துக்கிட்டியா?’ முதல் நாள் சிரிப்பார்கள். பத்தாவது நாள் கேட்பதற்கு முன்பே சட்டைப்பையைத் தட்டிக் காட்டுவார்கள்.

மாமா இன்று இல்லை. கையில்லாத சட்டைக் கையை மடித்துக் குத்திக்கொண்டு அவர் தைப்பூசத்தன்று ஓரமாக நின்று மற்றவர்கள் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது என் கண்ணிலேயே இருக்கிறது. ஒருமுறை அவரிடம் கேட்டேன், ‘அந்த ஆள் மேல கோவம் இல்லையா மாமா?’ என்று. “அவன் என்னடா பண்ணுவான்? யாராச்சும் ஒரு பூட்டு வாங்கி மாட்டியிருக்கலாம்” என்றார்.

அவர் கேட்டது அவ்வளவுதான். அவருக்குக் கிடைக்கவில்லை. நமக்குக் கிடைக்க வேண்டும். கை உள்ளே போகிறவனின் சட்டைப்பையில்தான் சாவி இருக்க வேண்டும். அந்தச் சாவி கையில் வரும்வரை யந்திரத்தில் கை வைக்காதீர்கள்.